தாய்க்கும் ஒரு தாய்

வைணவ உபந்நியாசங்களில் சரணாகதியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குட்டிகள் வந்து நிற்கும். ஒன்று குரங்குக்குட்டி, மற்றொன்று பூனைக்குட்டி. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ எதையும் பற்றாது. தாயே அதன் பிடரியைக் கவ்வி, தான் விரும்பிய இடத்துக்கு எடுத்துச் செல்வாள். ஜீவன் பகவானைப் பற்ற வேண்டுமா, பகவானே ஜீவனைப் பற்றுவானா என்னும் கேள்விக்கு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெரியோர் இருவகையாக விளக்கம் தந்தனர். வடகலை மரபில் முன்னதும் தென்கலை மரபில் பின்னதும் எடுத்துக்காட்டாக வழங்கும். காப்பவன் அவனே என்பதில் மட்டும் இரு மரபுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த நியாயத்தில் வரும் தாய்ப்பூனை எல்லாம் அறிந்தவள். எங்கே கவ்வ வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே கொண்டு வைக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஐயமே கிடையாது. ஆனால் ஒவ்வொரு தாய்ப்பூனைக்கும் ஒரு தலைப்பிரசவம் உண்டு. அந்த நாளில் அவளும் ஒன்றும் அறியாதவளே. அப்போது அவளைத் தாங்குபவர் யார்?

திண்டுக்கல்லில், மலைக்கோட்டை கண்ணில் படும் ஒரு தெருவில், எழுபதைக் கடந்த தம்பதியர் வசிக்கின்றனர். பெரியவர் பூட்டுத் தொழில் செய்தவர். கண் பார்வை மங்கிய பிறகு பட்டறையை மூடிவிட்டார். அரங்களும் பித்தளைத் தகடு வைத்திருந்த மரப்பெட்டியும் மட்டும் பின்கட்டில் எஞ்சியிருந்தன. அம்மையார் வெள்ளிதோறும் அபிராமி அம்மன் சந்நிதிக்குச் சென்று வருபவர். ஒரு ஐப்பசி மழையில் நனைந்து நடுங்கியபடி திண்ணையில் ஒதுங்கிய சிறு பூனைக்கு இடம் கொடுத்தவரும் அவரே. அடுத்த பங்குனியில், ஒரு வயதுகூட நிறையாத அந்தப் பூனை வயிறு கனத்து நடமாடியது. அதே நாட்களில் வளைகாப்பு முடிந்து பேத்தியும் தலைப்பிரசவத்துக்காக அங்கே வந்திருந்தாள். அவளைப் பெற்றவள் உயிருடன் இல்லை. ஆதலால் தாய்வீடு என்று அவளுக்கு இருந்தது அம்மாச்சியின் வீடுதான்.

“பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுல பூனையா? குறுக்கே போனாலே ஆகாதும்பாங்க” என்றார் எதிர்வீட்டு அம்மாள். அம்மாச்சி வாதாடவில்லை. அவர் காசி யாத்திரை சென்றபோது உடன்வந்த வங்காள அன்பர் ஒருவர் சொன்ன செய்தியை மட்டும் கூறினார். வங்காள நாட்டில் குழந்தைகளைக் காக்கும் தெய்வமாக வணங்கப்படுபவள் சஷ்டி தேவி. அவளுக்கு வாகனம் பூனை. தின்பண்டத்தைத் திருடித் தின்றுவிட்டுப் பூனையின் மீது பழி போட்ட ஒரு மருமகள், பின்னர் தேவியிடமும் பூனையிடமும் மன்னிப்பு வேண்டித் தன் மக்களைத் திரும்பப் பெற்றாள் என்பது அங்கே விரத நாளில் சொல்லப்படும் கதை. அந்தச் சஷ்டி தேவியைக் கந்தவேளின் தேவியான தேவசேனை என்றே தேவி பாகவதம் போற்றுகிறது. “பழநியாண்டவர் குடும்பத்துப் பூனை, இருந்துட்டுப் போகட்டும்” என்று அம்மாச்சி முடித்தபோது எதிர்வீட்டு அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனினும் அம்மாச்சி ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். பூனையின் கழிவைச் சுத்தம் செய்யும் வேலையைப் பேத்தி தொடவே கூடாது. அதன் வழியாகக் கருவைத் தாக்கும் நுண்ணுயிர் பரவக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை அவர் அறிந்திருந்தார். சகுனத்துக்கு அஞ்சாதவர், சுகாதாரத்துக்கு அஞ்சினார்.

பூனையின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 63 நாட்கள். நாள் நெருங்கியதும் அம்மாச்சி அந்தப் பழைய மரப்பெட்டியைத் துடைத்து, பெரியவரின் பழைய வேட்டிகளை மடித்து விரித்து, வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத மூலையில் வைத்தார். பெட்டியின் பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணமும் இருந்தது. பூனை மூன்று நாட்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான்காம் நாள் உள்ளே படுத்தது.

முதல் குட்டி பிற்பகலில் பிறந்தது. பிறந்ததும் தாய் திடுக்கிட்டு எழுந்து பெட்டியை விட்டு வெளியே பாய்ந்துவிட்டது. தன் உடலிலிருந்து வந்தது இன்னதென்று அதற்கு விளங்கவில்லை. குட்டி பனிக்குடத் தோலுக்குள்ளேயே கிடந்தது. அனுபவமுள்ள தாயாக இருந்தால் அந்தத் தோலைப் பல்லால் கிழித்து, மூக்கையும் வாயையும் நக்கித் துடைத்து, முதல் மூச்சை வரவழைத்திருக்கும். இங்கே காத்திருக்க நேரம் இல்லை. அம்மாச்சி கையைக் கழுவிக்கொண்டு தோலை விலக்கினார். மெல்லிய துணியால் மூக்கைத் துடைத்தார். தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து முதுகை இதமாகத் தேய்த்தார். சிறிது நேரத்தில் நூல் போன்ற ஒரு குரல் எழுந்தது.

வாசற்படியில் நின்றிருந்த பேத்தியின் கண்கள் கலங்கியிருந்தன. “தன் குட்டியையே பாத்துப் பயப்படுதே அம்மாச்சி! நாளைக்கு எனக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிட்டா?”

“எடுத்த எடுப்புல யாருக்குத் தாயி தெரியும்? தெரிஞ்சவ ஒருத்தி பக்கத்துல இருந்தாப் போதும்” என்றார் அம்மாச்சி.

குட்டியின் குரல் கேட்டதும் பூனை திரும்பி வந்தது. முகர்ந்தது, தயங்கியது, பிறகு ஒருமுறை நக்கியது. இரண்டாம் குட்டி பிறந்தபோது அதற்குப் பாதி தெரிந்திருந்தது. மூன்றாவது பிறந்தபோது உதவியே தேவைப்படவில்லை. அம்மாச்சி சற்று விலகி அமர்ந்துவிட்டார்.

ஆனால் அந்த மூன்றாம் குட்டி மிகச் சிறியது. இயல்பான குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். இது அதற்கும் குறைவாகவே தோன்றியது. மற்ற இரண்டும் முட்டி மோதிப் பால் குடிக்க, இது ஒதுக்கப்பட்டு விளிம்பில் கிடந்தது. நள்ளிரவில் அம்மாச்சி தொட்டுப் பார்த்தபோது உடல் சில்லிட்டிருந்தது. பெரியவர் பசும்பாலைக் காய்ச்சித் திரியில் நனைத்துக் கொண்டுவந்தார். அம்மாச்சி அவரைத் தடுத்துவிட்டார். பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். மேலும் பசும்பால் பூனைக்குட்டிக்கு ஒவ்வாமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, குட்டியைத் தம் முந்தானைக்குள் பொதிந்து கொண்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றபின் அது அசைந்தது. உடனே தாயின் மடியில் கவிழ்த்து வைத்து, காம்பருகே வாயைக் கொண்டுசென்றார். முதல் நாளின் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் ஆற்றல் இருக்கிறது. அதற்கு ஈடான மாற்று எந்தக் கிண்ணத்திலும் இல்லை. குட்டி காம்பைப் பற்றியது.

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக்கரையில், இன்னொரு மலைக்கோட்டை உண்டு. அங்கே மட்டுவார் குழலம்மையுடன் எழுந்தருளியிருக்கும் செவ்வந்திநாதர், தாயுமானவர் என்னும் திருநாமம் பெற்ற வரலாறு அடியார்கள் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் பெண் பேறுகாலத்தை நெருங்கினாள். பூம்புகாரிலிருந்து வந்துகொண்டிருந்த அவள் தாய், காவிரியில் பெருவெள்ளம் புரண்டதால் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். வலியில் துடித்த பெண்ணிடம் ஈசனே தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, ஒரே உருவில் இரு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். அக்கணத்தில் முன்னவர் மறைந்தார். ரிஷபாரூடராகக் காட்சி தந்தார்.

இவ்வரலாற்றில் ஈசன் வந்ததை வியந்து போற்றாதவர் இல்லை. ஈசன் விலகியதும் அதே அளவு போற்றத்தக்கது. தாய் வந்து சேரும் வரையில்தான் அவர் தாயாக இருந்தார். தாய் வந்தபின் அவளுக்குரிய இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உதவி என்பதற்கு இதைவிட நுட்பமான இலக்கணம் வேறு இல்லை.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது அவர் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. தாய் பார்த்துக்கொள்ளும் வரை குட்டிகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். முதல் சில வாரங்களில் குட்டிகள் தாமாகச் சிறுநீர்கூடக் கழிக்க இயலாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். ஆகவே தாய் நக்குவதைத் தடுக்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் எடை மட்டும் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்து கிராமுக்குக் குறையாமல் ஏறினால் கவலை இல்லை. ஏறாவிட்டால் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கலந்து, குட்டியை மல்லாத்தாமல் கவிழ்த்த நிலையில் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்க்கு வயிறு நிறைய உணவு வேண்டும். பால்சோறு போதாது, மீனோ முட்டையோ தேவை.

அங்கேதான் சிக்கல். அது சைவ வீடு. அம்மாச்சி சற்று நேரம் யோசித்தார். அன்று மாலை எதிர்வீட்டு அம்மாளே வேகவைத்த நெத்திலியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் வைத்தார். “தேவசேனை வாகனம் பட்டினி கிடக்கலாமா?” என்று அவரே கேட்டார். அன்று முதல் அந்தக் கிண்ணம் ஒருநாளும் தவறவில்லை.

ஐந்தாம் நாள் காலை, பூனை குட்டிகளை இடம் மாற்றத் தொடங்கியது. பெட்டி இருந்த மூலையில் வெயில் ஏறியதாலோ, ஆள் நடமாட்டத்தாலோ, அதன் மனத்துக்கு ஒப்பவில்லை. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வியது. கவ்விய கணத்தில் குட்டி கால்களை மடக்கி, அசைவற்று, தன்னை முழுவதும் ஒப்படைத்தது. உபந்நியாசத்தில் கேட்ட நியாயம் கண்முன் நடந்தது. நெல் குதிருக்குப் பின்னே அதை வைத்துவிட்டு வந்து இரண்டாவதையும் கொண்டுசென்றது. மூன்றாவதுக்கு வரவில்லை.

அந்தச் சின்னஞ்சிறு குட்டி பெட்டியில் தனியே கத்தியது. பேத்தி பதறினாள். “நோஞ்சான்னு விட்டுட்டுப் போயிடுச்சா? நான் தூக்கிட்டுப் போய் வச்சிடட்டுமா?” என்று எழுந்தாள். அம்மாச்சி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “வெதுவெதுப்பாத்தான் இருக்கு, இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. அவளே வரட்டும். நீ கொண்டுபோய் வச்சா அது நீ கொடுத்த குட்டி. அவ வந்து எடுத்தாத்தான் அது அவ குட்டி.”

முதல் இரவில் முந்தானையில் பொதிந்து காத்த கை, அன்று மடியில் கட்டுண்டு இருந்தது. முன்னதைவிட இதுவே கடினம் என்பதை அந்த முகம் காட்டியது. அரை மணிக்கும் மேலாயிற்று. ஒருமுறை பூனை வாசல் வரை வந்து, இவர்களைக் கண்டு திரும்பிவிட்டது. அம்மாச்சி பேத்தியை அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். சற்றுப் பொறுத்து எட்டிப் பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. குதிருக்குப் பின்னே மூன்று குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மார்ஜார நியாயத்தைப் போற்றும் தென்கலை மரபின் பெரும் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவரங்கத்தைப் படையெடுப்பு சூழ்ந்தபோது, தள்ளாத முதுமையிலும் அவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு காட்டு வழியே தெற்கு நோக்கி நடந்தார்; மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடியில் பெருமாளைக் காத்தபடியே பரமபதம் அடைந்தார் என்று குருபரம்பரை கூறும். பகவான் பூனையைப் போலத் தம்மைச் சுமப்பான் என்று உறுதியாக நம்பியவர், காலம் வந்தபோது பகவானையே குட்டியைப் போலச் சுமந்தார். சரணாகதி சோம்பல் அன்று என்பதற்கு இது சான்று. தான் சுமக்கப்பட்டதை மறவாத நெஞ்சமே பிறரைச் சுமக்க முன்வருகிறது. ஐப்பசி மழையில் அடைக்கலம் கேட்டு வந்த குட்டி, பங்குனியில் மூன்று உயிருக்கு அடைக்கலம் ஆனதும் அவ்வாறே.

குட்டிகள் பத்தாம் நாளளவில் கண் திறந்தன; நான்கு வாரமானதும் தாயின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தன. எட்டு வாரம் நிறையும் வரை எதையும் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. அதன்பின் இரண்டு குட்டிகள் தெரிந்த வீடுகளுக்குச் சென்றன. சிறியது தாயுடனேயே தங்கியது. பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மறுபடியும் சினைப்படக்கூடும் என்பதால் அதுவரை அதை வெளியே விடாமல் காத்து, பின்னர் மருத்துவரிடம் கருத்தடையும் செய்வித்தனர். தெருவில் ஆதரவின்றிப் பிறந்து மடியும் உயிர்களைத் தவிர்ப்பதும் ஜீவகாருண்யமே.

இதற்கிடையில் பேத்திக்கும் சுகப்பிரசவம் ஆயிற்று. பிறந்தது பெண் மகவு. முதல் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்து அழுதபோது, சுற்றியிருந்தோர் ஆளுக்கொரு யோசனை சொல்ல, அம்மாச்சி மட்டும் பேத்தியின் முதுகுக்கு ஒரு தலையணையை வைத்து, குழந்தையை அவள் மார்போடு அணைத்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்துவிட்டு, கைகளை எடுத்துக்கொண்டார். மூன்றாம் முயற்சியில் குழந்தை குடித்தது.

குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைந்தபின் குடும்பத்தார் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குச் சென்று, சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டபடி தாயுமானவருக்கு வாழைத்தார் சமர்ப்பித்தனர். சிறுமலையில் விளைந்த தார் அது. படியேறும்போது குழந்தையை வாங்கிக்கொள்ளப் பலரும் கை நீட்டினர். அம்மாச்சி கை நீட்டவில்லை. பேத்தியின் பின்னால் ஒரு படி விட்டு, அவள் கால் இடறினால் தாங்குவதற்காக, மெல்ல ஏறிக்கொண்டிருந்தார்.