யாவர்க்கும் கண்

பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டு முன்கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பது நம் நாட்டில் பல இல்லங்களில் உள்ள வழக்கம். விருந்தினராக வருவோர் அதிலுள்ள பெயரைப் பார்ப்பர், வகுப்பைப் பார்ப்பர், ஆண்டையும் பார்த்துக் கொள்வர். பல்கலைக் கழகத்தின் இலச்சினையை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. கேடயம் ஒன்று, அதனுள்ளே ஒரு விலங்கோ மலரோ நூலோ, அடியில் பழைய மொழியொன்றில் ஒரு வாசகம்; இவ்வளவுதானே என்று கண் கடந்து போய்விடுகிறது. ஆயினும், தான் எதற்காக இருக்கிறேன் என்பதை ஒரு கல்விக்கூடம் உலகுக்குச் சொல்லிக்கொள்ளும் இடம் அது.

இலச்சினை தாங்கும் மரபு ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் வேரூன்றிற்று. தலைக்கவசத்தால் முகம் மறைந்த வீரனை இன்னான் என்று அறிவதற்குக் கேடயத்தில் எழுதிய சின்னம் உதவியது. காலப்போக்கில் அது குடும்பங்களுக்கும் நகரங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உரியதாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1573ஆம் ஆண்டில் பெற்ற கேடயத்தில் நான்கு சிங்கங்களின் நடுவே ஒரு நூல் உண்டு. ஒக்ஸ்போர்ட்டின் கேடயத்திலோ மூன்று முடிகளின் நடுவே திறந்த நூல் ஒன்று விளங்குகின்றது. வாளேந்தியவனுக்கு அடையாளமாயிருந்த கேடயம் ஏடேந்தியவனுக்கும் அடையாளமாயிற்று.

இவ்வழக்கம் தமிழருக்கும் புதியதன்று. சேரருக்கு வில்லும் சோழருக்குப் புலியும் பாண்டியருக்குக் கயலும் சின்னங்களாயிருந்ததை நம் சிறுவரும் அறிவர். சோழரின் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில் புலியோடு கயலும் வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. வென்ற நாட்டின் சின்னத்தையும் தன் முத்திரையில் பொறிப்பதனால் மன்னன் தன் ஆட்சி எதுவரை செல்கின்றது என்பதைச் சொல்லாமற் சொன்னான்.

1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகத்தின் கேடயத்தில் பசும் மேட்டின்மீது ஒரு புலி நடக்கின்றது. அதன் மேலே, இரண்டு யானைத் தலைகளுக்கு நடுவில், தாமரை ஒன்று மலர்ந்திருக்கின்றது. உள்ளே பிறவியாய் அமைந்த ஆற்றலைக் கல்வி வளர்க்கின்றது என்பது அதன் இலத்தீன் வாசகத்தின் பொருள். அப்பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஆவார். ஈழத்தவர் பட்டம் பெறக் கடல் கடக்க வேண்டியிருந்த காலம் அது.

இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக் கழகம் ஒன்று அமைய 1942ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் இலங்கைப் பல்கலைக் கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜென்னிங்ஸ். பத்தாண்டுகளின் பின், 1952இல், அது கொழும்பிலிருந்து மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் கேடயத்தின் நடுவே சிங்கம் நிற்கின்றது. சுற்றிலும் தாமரை இதழ்கள் கரையிட்டிருக்கின்றன. சிங்கம் இந்நாட்டின் பழைய அரசச் சின்னம். தாமரையோ எவர் ஒருவருக்கும் தனியுடைமை அன்று. பௌத்த விகாரையின் வாயிலிலுள்ள சந்திரவட்டக் கல்லிலும் அது உண்டு. நாமகள் வீற்றிருப்பதும் அதன் மீதே. அடியிலுள்ள வடமொழி வாசகத்தின் பொருள் இது: கல்வி யாவர்க்கும் கண்.

கல்வியைக் கண் என்று சொல்வது நமக்குப் பழகிய பேச்சு. எழுத்தையும் எண்ணையும் உயிர்களின் கண்களாக உரைத்த வள்ளுவர், கல்லாதவர் முகத்திலிருப்பவை புண்கள் என்று கடிந்தும் உரைத்தார். ஆகவே அவ்வாசகத்திலே என் உள்ளத்தை ஈர்ப்பது கண் என்ற சொல் அன்று. அதன் முன் நிற்கும் ‘யாவர்க்கும்’ என்ற சொல்லே.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் இவ்விலச்சினையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிக் கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், தேயிலைப் பெட்டியிலயும் சிங்கந்தானே போட்டிருக்கு?” என்று கேட்டாள். வகுப்பு நகைத்தது. அவள் கேட்டது சரியே. இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்குத் தேயிலைச் சபை சிங்க முத்திரையை வழங்குகின்றது. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் மலைச்சரிவில் நின்று கிள்ளிய கொழுந்து, அச்சிங்கத்தைத் தாங்கி உலகெங்கும் செல்கின்றது. கொழுந்து போகும் தூரத்தை அதைக் கிள்ளியவளின் பிள்ளை போக முடிகின்றதா என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியது.

வரலாற்றைச் சிறிது புரட்டுவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. இக்காலம் முழுவதும் ‘யாவர்க்கும்’ என்ற சொல் அக்கேடயத்தின் அடியில் இருந்து கொண்டேதான் இருந்தது.

இன்று நிலை மாறியிருக்கின்றது, மறுப்பதற்கில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக் கழகம் புகுகின்றனர். ஆசிரியராகவும் மருத்துவராகவும் வருகின்றனர். நமது மாகாணத்துக்கே உரிய சப்ரகமுவப் பல்கலைக் கழகம் 1995 முதல் பெலிகுல்ஓயாவில், தேயிலை மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கின்றது. பல்கலைக் கழக அனுமதியில் இரத்தினபுரி கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டுத் தனிச் சலுகை பெறுகின்றது. நல்ல ஏற்பாடே. எனினும் மாவட்டம் என்ற ஒரே தட்டில் நகரத்துப் பெரிய பாடசாலை மாணவனும், றப்பர் மரங்களினூடே நடந்து வந்து பஸ் ஏறும் தோட்டத்து மாணவியும் ஒன்றாகவே நிறுக்கப்படுகின்றனர். தமிழ் மொழியில் இரசாயனமும் பௌதிகமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு இச்சலுகையால் என்ன பயன்? கேகாலை மாவட்டத்துக்கோ அச்சலுகையும் இல்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் உள்ள பிள்ளைகளின் குறை மட்டும் எவ்வகையில் சிறியது?

இலச்சினையை வெறும் அலங்காரம் என்று கொள்வோர் இதையெல்லாம் அதனோடு தொடர்புபடுத்துவது மிகை என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. முத்திரையிட்ட ஓலையில் எழுதியதை முத்திரைக்குரியவன் நிறைவேற்றக் கடமைப்பட்டவன் என்பதே நம் முன்னோர் கொள்கை. பல்கலைக் கழகத்தின் வாசகமும் அத்தகைய ஓர் எழுத்தே. அதை நிறைவேற்றும் பொறுப்பு பேராதனைக்கு மட்டும் உரியதன்று. பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பும் கல்வித் திணைக்களத்துக்கும் உண்டு. பிள்ளையைச் சாதாரண தரத்தோடு வேலைக்கு அனுப்பிவிட எண்ணும் பெற்றோருக்கும் உண்டு. “உன்னால் கலைப்பிரிவுதான் முடியும்” என்று எளிதிற் சொல்லிவிடும் எம்போன்ற ஆசிரியர்க்கும் உண்டு.

அன்று அம்மாணவிக்கு நான் சொன்ன மறுமொழி சிறியது. தேயிலைப் பெட்டியின் சிங்கத்துக்கு உன் தாய் உழைத்திருக்கிறாள்; கேடயத்தின் சிங்கம் உனக்கு ஒன்று தர வேண்டியிருக்கிறது; கேட்டு வாங்கிக் கொள் என்றேன். அவள் அவ்வாசகத்தைத் தன் அப்பியாசக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக் கொண்டாள்.