மீன் தொட்டிக்கு ரெண்டு ஹீட்டர்

கொச்சியில போய் மீன் தொட்டிக்கு ஹீட்டரான்னு சிரிக்காதீங்க மக்களே! வைட்டிலாவுல ஜூன், ஜூலை மழை பிடிச்சா ராத்திரி 24 டிகிரி வாக்குல வந்துடும். கப்பி, மோலி எல்லாம் அதைக் கண்டுக்காது. எங்க வீட்டுல இருக்கிறது டிஸ்கஸ். பூர்வீகம் அமேசான். தண்ணி 28லேர்ந்து 30 டிகிரிக்குள்ள இருக்கணும். இறங்கினா சாப்பாட்டைத் தொடாது, மூலையில போய் நிக்கும், சீக்கிரம் நோய் பிடிக்கும்.

ஆள் வீட்டுல இருந்தா ஹீட்டர் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போகணும். அஞ்சு நாள் வீடு பூட்டு. போன வருஷம் மேல்மாடி நண்பர் வீட்டுல இதே மாதிரி பூட்டிட்டுப் போனப்போ, ஹீட்டருக்குள்ள இருக்கிற தெர்மோஸ்டாட் முனை ஒட்டிக்கிச்சு. அணையவே இல்லை. திரும்பி வந்தப்போ ஒரு மீனும் மிச்சம் இல்லை. அதைப் பார்த்த நாள்லேர்ந்து எங்க பொண்ணு, "நம்ம மீனுக்கும் அப்படி ஆகுமாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

அதனாலதான் இந்த ஏற்பாடு. தொட்டி 200 லிட்டர். ஒரே 200 வாட் ஹீட்டருக்குப் பதிலா ரெண்டு 100 வாட். 200 லிட்டரை ஒரு டிகிரி ஏத்த 100 வாட்டுக்கு சுமார் 2 மணி 20 நிமிஷம் ஆகும், வெளியில போற சூட்டைச் சேர்க்காமலே. ஒண்ணு அணையாம மாட்டிக்கிட்டாலும் தண்ணி மெதுவாத்தான் ஏறும். ஒண்ணு செத்துப் போனா இன்னொண்ணு ஓரளவு தாங்கும்.

ரெண்டையும் ஆளுறது ஒரு ஆர்டுயினோ போர்டு, ரெண்டு ரிலே, ரெண்டு டிஎஸ்18பி20 சென்சார். ப்ரோக்ராம் இவ்வளவுதான்: 28க்குக் கீழ போனா முதல் ஹீட்டர். 27.5க்குக் கீழ போனா ரெண்டாவதும் சேர்ந்துக்கும். 28.5 வந்தா ரெண்டும் அணையும். நடுவுல இந்த இடைவெளி இல்லைன்னா ரிலே நிமிஷத்துக்கு நாலு தடவை டக் டக்னு அடிச்சு சீக்கிரம் தேஞ்சு போகும். வாரா வாரம் யார் முதல், யார் ரெண்டாவதுன்னு மாத்திக்கும். ஹீட்டரோட சொந்தத் திருகை 30ல வச்சாச்சு. ரிலேயே ஒட்டிக்கிட்டாலும் அது தடுக்கும். போர்டு உறைஞ்சு போனா வாட்ச்டாக் தானாவே ரீசெட் பண்ணும். ப்ளக்குக்கு ஆர்சிசிபி. தண்ணியும் கரண்டும் சேர்ற இடத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

இதுல நிஜமான ஆபத்து சென்சார். ஒயர் கழண்டா லைப்ரரி -127ன்னு ஒரு நம்பரைத் திருப்பித் தரும். விவரம் இல்லாத ப்ரோக்ராம், "அய்யோ, தண்ணி உறைஞ்சு போச்சு"ன்னு ரெண்டு ஹீட்டரையும் விடாம எரிக்கும்! அதனால 15க்குக் கீழ, 40க்கு மேல எது வந்தாலும் நம்பாதேன்னு எழுதியாச்சு. தொடர்ந்து வந்தா ரெண்டையும் அணைச்சிடும். நம்ம ஊர்ல மீன் குளிர்ல சாகிறதை விட வெந்து சாகத்தான் வாய்ப்பு அதிகம். டொரண்டோ ஜனவரின்னா கணக்கே வேற, அங்க இருக்கிறவங்க யோசிச்சு மாத்திக்கங்க.

ஒவ்வொரு சென்சாரும் அரை டிகிரி முன்ன பின்ன காட்டலாம். ரெண்டுக்கும் நடுவுல 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா பஸ்ஸர் அடிச்சு போனுக்குச் செய்தி வரும். இன்னொரு விதி: ஒரு சென்சார் நாள் முழுக்க ஒரே நம்பரையே சொன்னாலும் சந்தேகப்படு. நிஜத் தண்ணி ஏறி இறங்கிக்கிட்டேதான் இருக்கும்.

இந்த விதியைத் தங்கமணிக்கு விளக்கிக்கிட்டு இருந்தேன். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, "உங்க அம்மாவும் அப்படித்தானே"ன்னா.

சுருக்குனுச்சு. அம்மா அம்பாசமுத்திரத்துல தனியா இருக்காங்க. தினம் போன் பண்ணுவேன். தினமும் ஒரே பதில்: "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." மறுநாள் பக்கத்து வீட்டு மதினிக்குப் போன் போட்டேன். முட்டி வீங்கி ரெண்டு வாரமா அம்மா கடைத்தெருவுக்கே போகலையாம். காய்கறி மதினிதான் வாங்கிக் கொடுத்திருக்காங்க. "தம்பிகிட்ட சொல்லாதே, லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவான்"ன்னு வேற சொல்லி வச்சிருக்காங்க.

இப்போ வாரம் ஒரு தடவை மதினிக்கும் ஒரு போன் உண்டு. அம்மாவுக்கு இது தெரியும். மூணு நாள் கோபமா இருந்தாங்க, அப்புறம் சரியாயிட்டாங்க.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சென்சார் ஒயரை நானே உருவிப் பார்த்தேன், ஒரு ஹீட்டர் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் சொன்னபடி கேட்டுச்சு. கொடைக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஊர்ல இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டாச்சு. முதல் நாள் வேலை, அம்மாவை முட்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது.