முதலப்பொழியும் மோட்டார் வள்ளங்களும்

ஆறோ காயலோ கடலோடு கலக்கும் வாயைத் திருவனந்தபுரத்துக் கடற்கரை மக்கள் 'பொழி' என்பர். குமரி மாவட்டத்து மீனவரும் பொழிமுகம் என்றே வழங்குவதால், இச்சொல் நம் அன்பர்களுள் பலருக்குப் புதிதன்று. அத்தகைய பொழிகளுள் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் பெயர் முதலப்பொழி. நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் அரபிக் கடலைச் சேரும் இடம் அது. தென்கரையில் பெருமாதுறை, வடகரையில் தாழம்பள்ளி. இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. இன்னும் சிறிது வடக்கே சென்றால், கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய அஞ்சுதெங்குக் கோட்டை. கோட்டையைப் பார்க்கச் செல்வோர் பாலத்தருகே சற்று நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். கோட்டையைக் காட்டிலும் பாலத்துக்கு மேற்கே நடப்பதே பார்க்கத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

அங்கே மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கட்டிய இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. மலையாளத்தில் இவற்றைப் 'புலிமுட்டு' என்கின்றனர். புலிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேட்கப்பட்டவர் சிரித்ததோடு சரி. சுவர்கள் எழுந்த பின் தென்புறத்தில் மணல் சேர்ந்து பெருமாதுறைக் கடற்கரை அகன்றது. வடபுறத்தில் தாழம்பள்ளியிலும் அஞ்சுதெங்கிலும் கடல் கரையைத் தின்னலாயிற்று. எஞ்சிய மணல் இரு சுவர்களுக்கும் இடையே, வாயிலேயே, மேடாகப் படிகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடைவது இயற்கை. ஆகவே வெளியே கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் நாளிலும் வாயில் மட்டும் சுவர்போல் அலை நிற்கும். 2023 ஜூலையில் இங்கே ஒரு வள்ளம் கவிழ்ந்து நால்வர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் போனவர் பலர். 2025 ஏப்ரலில் மணல் வாயையே முற்றிலும் அடைத்துவிட, இயந்திரங்களைக் கொண்டு வெட்டித் திறக்க வேண்டியதாயிற்று.

இந்த வாயைத்தான் வள்ளங்கள் நாள்தோறும் கடக்கின்றன. வள்ளத்தின் பின்புறத்தில், வெளியே தொங்கும்படி மாட்டிய மோட்டாரே அவற்றின் உயிர். 9.9, 25, 40 குதிரைச் சக்தி என்று பல அளவில் உண்டு. ஒரே வள்ளத்தில் இரண்டு மோட்டார்கள் இருப்பதும் சாதாரணம். திரும்பி வரும் வள்ளம் வாய்க்கு வெளியே சற்றுத் தயங்கி நிற்கும். பெரிய அலைகள் மூன்று நான்கு கடந்ததும் ஓட்டுநர் சட்டென்று விசையை முடுக்கி, முன்னே செல்லும் அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருவார். அந்த அலையை முந்தவும் கூடாது. பின்னால் வரும் அலையிடம் அகப்படவும் கூடாது. அரை நிமிஷத்துக் காரியம். அந்த அரை நிமிஷத்தில் மோட்டாரின் சக்தி குறைந்தால், பின்னலை வள்ளத்தின் பின்புறத்தைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். நடுக்கடலில் மோட்டார் சோர்ந்தால் மீன் நஷ்டம், நேரம் நஷ்டம். இங்கே சோர்ந்தால் ஆள் நஷ்டம்.

பொழியின் கரையில் ஓர் ஓலைக் கொட்டகையில் மோட்டார் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரைக் கண்டேன். எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைக்கின்றனர். நானும் அவ்வாறே அழைத்தேன். வருகிறவர்கள், "எஞ்சின் வலிக்குன்னில்லா, ஆசானே" என்று முறையிடுகின்றனர். எஞ்சின் இழுக்கவில்லை என்பது பொருள். தமிழ்க் காதுக்கோ நோவாளியைப் பற்றிய பேச்சாகவே படுகிறது. ஆசானின் முறையும் வைத்தியர் முறைதான். கருவியைத் தொடுமுன் கேள்வி கேட்கிறார்.

முதற் கேள்வி: "சத்தம் குறைகிறதா, சத்தம் இருந்தும் வள்ளம் போகவில்லையா?" இந்த ஒரு கேள்வியில் பாதி நோய் பிரிந்துவிடுகிறது. மோட்டார் அலறியும் வள்ளம் நகரவில்லையென்றால் குற்றம் எஞ்சினில் இல்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில். அதில் அறுந்த வலையோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கலாம்; இதழ் வளைந்திருக்கலாம்; விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, தண்டு சுழன்றும் விசிறி வழுக்கலாம். அலை பின்புறத்தைத் தூக்கும்போது விசிறி காற்றை அள்ளுவதும் உண்டு. அது பழுதன்று. விசையைச் சற்றுத் தளர்த்தினால் விசிறி மீண்டும் நீரைப் பற்றிக்கொள்ளும். பதற்றத்தில் மேலும் முடுக்குவோரே பலர் என்று ஆசான் சொன்னார்.

சத்தமே குறைகிறதென்றால் அடுத்த கேள்வி: "தொடக்கத்திலிருந்தா, ஓடி ஓடிப் பிறகா?" பத்து நிமிஷம் நன்றாக ஓடிப் பின் சோர்ந்தால், அவர் முதலில் தொடுவது எண்ணெய்த் தொட்டியின் மூடியை. அதில் காற்று புகுவதற்கு ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திறக்க மறந்தால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் நோய் தெரிந்தது. மருந்துச் செலவு ஒன்றுமில்லை. குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கிறது. அது தட்டையாக ஒட்டிக் கிடந்தால் அடைப்பு தொட்டியின் பக்கம். அதை அமுக்க அமுக்க மோட்டார் உயிர் பெற்று, விட்டதும் மீண்டும் சோர்ந்தால், எண்ணெய் வரத்தில் குறை: பம்பின் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது குழாயின் இணைப்பில் காற்று புகும், அல்லது வடிகட்டி அடைத்திருக்கும். எண்ணெயில் நீர் கலந்திருக்கிறதா என்று அறியக் கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து நிறுத்துகிறார். நீர் அடியில் தனியே தங்கிவிடும்.

இக்கரை மோட்டார்களுள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. பிளக்கை நனைத்துக் கரி பிடிக்க வைக்கும். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டி, கார்புரேட்டரில் நின்ற மண்ணெண்ணெயைத் தீர்த்துவிடவும் வேண்டும். களைத்துக் கரையேறும் மனிதனுக்கு இந்தக் கடைசி வேலை எளிதில் மறந்துபோகும். அதன் பலன் மறுநாள் விடியற்காலையில் தெரியும். இரண்டு உருளை உள்ள மோட்டாரில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, ஒன்று உலர்ந்து பழுப்பாகவும் மற்றொன்று நனைந்து கறுப்பாகவும் இருந்தால், நனைந்த உருளை வேலை செய்யவில்லை என்கிறார் ஆசான். பாதி எஞ்சினோடு ஒருவர் பொழி கடந்து வந்திருக்கிறார் என்பது அதன் பொருள்.

மணலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை மேலேற்றும் சிறு ரப்பர்ச் சக்கரத்தை அது அராவிவிடுகிறது. மோட்டாரின் பின்னால் நூல்போல் பீய்ச்சும் நீர் மெலிந்தாலோ நின்றாலோ, சற்று நேரத்தில் எஞ்சின் கொதித்துச் சக்தி இழக்கும். மேலும் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். உருளை தேய்ந்து அழுத்தம் குறைவதுதான் பெருநோய். அதை ஆசான் கடைசியில்தான் பார்க்கிறார். பெருஞ்செலவுப் பழுதை முதலில் சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

மணலை அள்ளாமல் மோட்டாரை மட்டும் சரிபார்த்து என்ன பயன் என்று கரையில் நின்ற இளைஞர் ஒருவர் கோபமாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். வாய் ஆழமாக இருந்தால் சோர்ந்த மோட்டாரும் தட்டுத்தடுமாறி உள்ளே வந்துவிடும். ஆனால் மணலை அள்ளுவது சர்க்கார் காரியம்; மூடியின் திருகு வள்ளக்காரர் கையில் இருக்கிறது.

நம் குடும்பங்கள் விடுமுறையில் பூவாற்றுக்குச் சென்று, நெய்யாறு கடலில் கலக்கும் இடத்தில் படகேறுவதுண்டு. அங்கும் இதே வகை மோட்டார்கள்தாம். ஏறுமுன் பின்னால் நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். துடுப்பும் நங்கூரமும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மிதவைச் சட்டை இல்லையென்றால் ஏற வேண்டாம். படகுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலப்பொழிக்கு மழைக்காலத்தில் செல்வோர் பாலத்திலிருந்தே பார்ப்பது நலம். கற்சுவரின் மேல் ஏறலாகாது. இழுவை வலைப் படகுகளுக்குக் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை தடை. வள்ளங்களுக்கு அத்தடை இல்லையாதலால், கடல் மிகவும் சீறும் அந்த 52 நாட்களிலும் அவை போய் வருகின்றன. அப்போது ஆசானின் கொட்டகையில் வேலை மும்முரம். நன்னீர் நிரப்பிய பீப்பாயில் மோட்டாரை மாட்டி ஓட்டி, உப்பைக் கழுவி, காதைச் சாய்த்துக் கேட்டு, "இப்போது வலிக்கும், கொண்டு போ" என்று அவர் சொல்லும் வரை வள்ளக்காரர் பீப்பாயருகே நிற்கிறார்.