குப்பிக்குள் வந்த குளவிகள்

2016 டிசம்பரில் ஓ.எல் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த மாதங்களில்தான் அம்மம்மாவின் தென்னைகள் கருகத் தொடங்கின. களுவாஞ்சிக்குடிப் பக்கம், கடற்கரையை ஒட்டின வளவு, நாற்பது மரம். அந்த முறை மாரி மழை பொய்த்துவிட்டது. முதலில் கீழ் ஓலை, பிறகு நடு ஓலை. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ நெருப்பு வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று நினைத்தோம். மாமா ஒரு ஓலையை வெட்டி விழுத்தித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க, நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டின குழாய்கள். ஒன்றைப் பிரித்தால் உள்ளே தலை கறுத்த புழு.

தேங்காய் விற்ற காசு மாமாவின் கைக்குப் போகும். கிடுகு பின்னி விற்ற காசு மட்டும்தான் அம்மம்மாவின் சேலை முடிச்சில் இருக்கும். புழு சுரண்டின ஓலையை ஊறப்போட்டால் பின்ன வராது, கையோடு பிய்ந்துவிடும். "எனக்கு வெத்திலைக்கும் காசு இல்லாமப் போயிற்று புள்ள" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமாவுக்கு ஒரே யோசனைதான், மரத்துக்கு மருந்து ஏத்துவது. அடிமரத்தில் சாய்வாகத் துளை போட்டு, பூச்சிமருந்தை ஊற்றி, துளையை அடைத்துவிடுவார்கள். மருந்து சாற்றோடு ஓலைக்கு ஏறும். அது வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் ஏத்தின மரத்தின் தேங்காயையும் இளநீரையும் குறிப்பிட்ட காலத்துக்குத் தொடக்கூடாது. எங்கள் வளவுக்கு வேலியே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த மரத்துக்கு ஏத்தினது என்று எப்படித் தெரியும்?

தென்னை உத்தியோகத்தர் வந்தார். ஓலையில் சில ஈர்க்குகளை உரித்து, புழுக்களை அளவு பார்த்து எண்ணினார். "இப்ப முக்கால்வாசியும் கூட்டுப்புழு. இப்ப விட்டுப் பிரயோசனம் இல்ல. அடுத்த தலைமுறைப் புழு வளரட்டும், வாறன்" என்று போய்விட்டார். மாமா வெடித்தார். புழு வளரட்டுமாம்! அன்றைக்கே ஒரு போத்தல் மருந்து வாங்கிவந்து கொட்டில் கூரையில் செருகி வைத்தார்.

சில கிழமைக்குப் பிறகு அவர் கொண்டுவந்தது பஞ்சால் அடைத்த கண்ணாடிக் குப்பிகள். உள்ளே சிறகு வைத்த கறுப்பு எறும்பு மாதிரி ஏதோ ஓடித் திரிந்தன.

"என்ன தம்பி, எறும்பையா கொண்டந்திருக்கீங்க?"

"குளவி அம்மா. மனிசரைக் கொட்டாது."

கோனியோசஸ் என்று பெயர். ஆய்வுகூடத்தில் தானியத்தில் அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களை வளர்த்து, அந்தப் புழுக்களில் இந்தக் குளவிகளை வளர்க்கிறார்கள். குப்பியை மரத்தடியில் பிடித்துத் திறந்தார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. மாமா முகத்தில் ஏமாந்தவனின் சிரிப்பு.

நான் இரண்டு குளவிகளையும் கொஞ்சம் புழு ஓலையையும் கேட்டு வாங்கி ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். குளவி கொட்டினதும் புழு அசைவற்றுப் போகும், ஆனால் சாகாது. அதன் தோலுக்கு மேல் வரிசையாக முட்டை. பொரித்த குஞ்சுப் புழுக்கள் வெளியில் இருந்தபடியே அதை உறிஞ்சி வற்ற வைத்துவிட்டு, பக்கத்திலேயே கூடு கட்டும். இந்தக் காலம் முழுக்கத் தாய்க் குளவி அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை. மற்றக் குளவி கிட்ட வந்தால் விரட்டியது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. "பாவம்" என்றா. புழுவைச் சொன்னாவா, காவல் இருக்கிற தாயைச் சொன்னாவா என்று நான் கேட்கவில்லை.

உத்தியோகத்தர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், மருந்து அடிக்கக் கூடாது. புழுவைக் கொல்லுகிற மருந்து குளவியையும் கொல்லும். பிறகு வாசித்தபோது, இது இலங்கைக்குப் புதுக் கதை இல்லை என்று தெரிந்தது. தேயிலை இலைகளைப் பிணைத்துக்கொண்டு தின்னும் புழுவுக்காக 1935-36இல் ஜாவாவில் இருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்தார்கள். அது மலைநாட்டில் நிலைத்து, புழுவை அடக்கி வைத்திருந்தது. பிற்காலத்தில் தேயிலைத் தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது, அடங்கிக் கிடந்த இலைப் புழு திரும்பக் கிளம்பியது.

அப்போது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாமா கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். இரண்டாம் முறை குப்பி வந்து போன பிறகும் ஓலை கருகலாகத்தான் இருந்தது. காய்ந்த ஓலை திரும்பப் பச்சையாகாது, புது ஓலை வந்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். மாமாவால் பொறுக்க ஏலவில்லை. ஒருநாள் காலை துளைபோடும் கருவியோடு வந்து கொட்டில் கூரையில் கை வைத்தார். போத்தல் இல்லை. அம்மம்மா வாசலில் இருந்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தா. "நான் தாட்டுப்போட்டன். எங்க எண்டு கேக்காத" என்றா. மருந்துப் போத்தலைத் தாட்பது சரியான வேலை இல்லை, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த மண்ணைப் பற்றி யோசனைதான். ஆனால் மகன் சொன்னதை அவ மறுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மாமா இரண்டு மாதம் அவவோடு கதைக்கவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் காய் குறைந்தது, குரும்பட்டி கொட்டியது. அந்த நட்டத்தைக் குளவி திருப்பித் தரவில்லை. ஆனால் மேலே வந்த ஓலைகள் பச்சையாகவே நின்றன. அவை கீழிறங்கி வெட்டுப் பதத்துக்கு வந்தபோது அம்மம்மா திரும்பக் கிடுகு பின்னினா.

இப்போதும் வளவுக்குப் போனால் விழுந்த ஓலையைத் திருப்பிப் பார்ப்பேன். இரண்டு மூன்று குழாய் எப்படியும் இருக்கும். "நசுக்கிவிடு" என்பார் மாமா. புழு முழுக்க இல்லாமல் போனால் குளவிக்கும் இங்கே இருக்க ஒன்றும் இல்லை என்று உத்தியோகத்தர் சொன்னதை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப வாடகைக்கு வச்சிருக்கிறமா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஓலையை அவரே வேலியோரமாகச் சாத்தி வைத்தார்.