பியூஸும் பட்டதாரியும்

இராயபுரத்துவாசிகளுக்குக் கடற்காற்று இலவசம். அதனுடன் வரும் உப்பும் இலவசம். அவ்வுப்பு ஸ்விட்சுக்குள் புகுந்து பித்தளை முனைகளில் களிம்பேற்றும். களிம்பேறிய இணைப்பு சுடும்.

ஆனால் சென்ற ஐப்பசியில் நம் வீட்டுப் பியூஸ் போனதற்கு உப்பின்மீது பழி போட இயலாது. மழையில் உலராத துணிக்கு இஸ்திரி ஒருபுறம். குளிக்க வெந்நீர் ஒருபுறம். 750 வாட்டும் 1500 வாட்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர். நமது பியூஸோ 5 ஆம்பியர். நாம் பட்டதாரி ஆயிற்றே! கனத்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்தோம். விளக்கு எரிந்தது, நம் பெருமையும் கூடவே பிரகாசித்தது. அரைமணியில் கருகல் நாற்றம்.

"அப்பா, உருகுவதற்கென்றே வைத்ததல்லவா பியூஸ்? அது உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் கம்பியல்லவா உருகும்?" என்றாள் நம் குமாரி. அப்பாடத்தை அவளுக்குக் கற்பித்தவர் நாமே. மெயினை அணைத்தோம்.

மறுநாள் வந்த மின் தொழிலாளி, பியூஸ் வீட்டைத்தான் காக்கும், ஆளைக் காக்காது என்றார். ஆளைக் கொல்ல 5 ஆம்பியர் வேண்டியதில்லை. அதில் நூற்றில் இரண்டு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியைப் பொருத்தினார். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மின்சாரத்தை நிறுத்தி வைத்தவர்களை நாம் ஏசியது அப்போது நினைவுக்கு வந்தது.

போகுமுன் செப்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, "இதை வைத்த மகானுபாவர் யார், ஸார்?" என்று கேட்டார். நாம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.