குப்பைமேட்டில் ஒரு சறுக்கல்

சிகாகோவும் சுத்துப்பட்டும் சப்பாத்தி மாதிரி தட்டையான ஊருங்க. மலைன்னு பேருக்குக்கூட கிடையாது. ஆனாலும் பனி கொட்டின மறுநாள் புள்ளைங்க ஸ்லெட்டை இழுத்துக்கிட்டு கிளம்பிடும். எவான்ஸ்டன்ல ஜேம்ஸ் பார்க்னு ஒரு பூங்கா. அங்க இருக்கிற மேடு, ஊர்க்குப்பையைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடினது. செல்லப்பேரு 'மவுன்ட் டிராஷ்மோர்'. நாங்களும் அங்கதான் போவோம்.

ஸ்லெட்னா பனியில உக்காந்து சறுக்குற பிளாஸ்டிக் சமாச்சாரம். நம்மூர்ல தென்னை மட்டையில ஒருத்தன் உக்கார, இன்னொருத்தன் இழுப்பானே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. இங்க இழுக்க ஆள் வேணாம், சரிவே இழுத்துக்கும்.

கிளம்புறதுதான் பெரிய கூத்து. பருத்தித்துணி நனைஞ்சா குளிரும், அதனால உள்ள கம்பளி. மேல ஸ்னோ பேன்ட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை. தொங்குற மஃப்ளர் எதுலயாவது மாட்டிக்கும், கூடாது. இதோட ஹெல்மெட். எல்லாம் மாட்டி முடிச்சதும் குட்டி சொல்லும்: "அப்பா, ஒண்ணுக்கு வருது." :-)

போன வருஷம் வரைக்கும் என் மடியிலதான் சறுக்கினா. இப்ப அஞ்சு வயசு. "நான் தனியாப் போறேன்ப்பா"ன்னுட்டா. தங்கமணி என்னைப் பாத்தாங்க. நான் மேட்டைப் பாத்தேன்.

நான் பொட்டி தட்டுறவன். ஏதாவது சொதப்பினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம்கிற தைரியத்துலதான் பொழப்பு ஓடுது. ஸ்லெட்டுக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. கையை விட்டா விட்டதுதான். அப்புறம் கத்தலாம், அவ்வளவுதான்.

அப்போ அப்பன் வேலை எல்லாமே கையை விடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். சரிவு முடியற இடத்துல ரோடு, மரம், வேலி, குளம் எதுவும் இருக்கக்கூடாது. ஸ்லெட் தானா நிக்கிற அளவுக்கு சமதரை வேணும். பனி கெட்டியாகி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தா அன்னிக்கு வீடு திரும்பிடணும். காலை முன்னால நீட்டி உக்காரணும், தலைகீழாப் படுத்துக்கிட்டுப் போகக்கூடாது. எதுலயாவது மோதுற மாதிரி இருந்தா பக்கவாட்டுல உருண்டு விழணும். இதை மட்டும் சமதரையில நாலு தடவை உருளவச்சுப் பழக்கினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

2015ல அயோவா மாநிலத்து டுபியூக் நகரத்துல, அடிபட்டவங்க வழக்கு போட்டா என்ன பண்றதுன்னு பயந்து, ரெண்டு பூங்காவைத் தவிர மத்த பூங்காக்கள்ல சறுக்குறதுக்குத் தடை போட்டாங்க. அந்த பயம் எனக்கும் புரியுது. ஆனா புள்ளை கேக்குறப்போ 'வேணாம்'னு சொல்றது சுலபமான வேலை. பாத்துப் பாத்து 'சரி'ன்னு சொல்றதுதான் கஷ்டம்.

உச்சியில இருந்து இல்லை, பாதி மேட்டுல இருந்து விட்டேன். தங்கமணி கீழ நின்னாங்க. பத்து செகண்ட்கூட இருக்காது. எனக்கு மூச்சே ஓடலை. அவ போய் நின்னு, எழுந்து, ஓரமா கயிறை இழுத்துக்கிட்டு மேல ஏறி வந்தா. "இன்னொரு தடவை!"

ராத்திரி போன்ல அம்மாகிட்ட சொன்னா, "பச்சப்புள்ளைய தனியாவாடா விட்ட?"ன்னு ஆரம்பிச்சாங்க. "நீங்க என்னை வாய்க்கா கரையில மட்டையோட சறுக்க விடலியா?"ன்னேன்.

"விட்டேன். அதுக்கு முன்னாடி கண்ணாடி, முள்ளு எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுதாண்டா விட்டேன். உனக்கெங்க தெரியும்?"

உண்மைதான், தெரியாது. குட்டிக்கும் தெரிய வேணாம்.