மல்லாட்டையின் சொந்த ஊர்

தாவரவியல் படித்தவரிடம் டி.எம்.வி. என்று சொன்னால், புகையிலை இலையைத் திட்டுத்திட்டாக வெளிற வைக்கும் வைரஸ் என்பார். திண்டிவனத்து விவசாயியிடம் சொன்னால், "எள்ளா, மல்லாட்டையா?" என்று கேட்பார். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் ரகங்களுக்கு ஊர்ப்பெயரின் மூன்றெழுத்துதான் இனிஷியல். டி.எம்.வி. 7 என்று மட்டும் சொன்னால் போதாது; அந்தப் பெயரில் எள்ளும் இருக்கிறது, மல்லாட்டையும் இருக்கிறது.

வைரஸ் என்றால் லத்தீனில் விஷம். 1898-இல் டச்சு விஞ்ஞானி பெயரிங்க், புகையிலை நோய்க்குக் காரணமான, கண்ணுக்குச் சிக்காத அந்த ஏதோ ஒன்றுக்கு இந்தப் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். தமிழில் நச்சுயிரி என்றோம். அது உயிரா இல்லையா என்ற வழக்கு விஞ்ஞானிகளிடமே இன்னும் முடியவில்லை. நம் கலைச்சொல்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அந்த வைரஸை 1935-இல் ஸ்டான்லி என்ற விஞ்ஞானி படிகமாக்கினார். 1940-இல் டி.எம்.வி. 2 மல்லாட்டை வந்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி. அதுவும் திண்டிவனத்தில் பிறந்ததல்ல, குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்தது. பெயர் வாங்கியது மட்டும் திண்டிவனம்.

திண்டிவனத்தின் பெயரோ புளியமரம் கொடுத்தது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. ஊர்க்கோயில் சுவாமியே திந்திரிணீஸ்வரர். அந்தப் புளிக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர் 'இந்தியப் பேரீச்சை', தமர் ஹிந்தி. அதையே லத்தீனாக்கிய தாவரவியலாளர் லின்னேயஸ், 1753-இல் பின்னால் ஒரு 'இண்டிகா'வையும் ஒட்டினார். இரண்டு தடவை இந்தியா என்று அடித்துச் சொல்லியும் பயனில்லை. மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

விழுப்புரம் பக்கம் வேர்க்கடலை என்றால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்கச் செடி பிலிப்பைன்ஸின் துறைமுகப் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் கொல்லைக்கு வந்திருக்கிறது. அப்படியும் வேர்க்கடலையைவிட இது யோக்கியமான பெயர். வேரிலா காய்க்கிறது? மேலே மஞ்சளாய்ப் பூத்து, பூ வாடிய பிறகு விழுது இறங்கி, மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது. வேரில் இருப்பது தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் முடிச்சு. அதைத் தின்ன முடியாது.

விதைப்புக்கு முன்னால் எங்கள் ஆயா மூட்டையைப் பிரித்துத் திண்ணையில் கொட்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தோடு வந்து உட்காருவார்கள். மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது. விதை மல்லாட்டை கையால்தான் உடைக்க வேண்டும். உடைக்கும் முன் ஆயா சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளி, ஐயர் தீர்த்தம் தெளிப்பதுபோல் குவியல் முழுக்கத் தெளிக்கும். ஓடு நமுத்தால் நகம் நோகாது. கூலி படிக்கணக்கு. பேச்சுக்குக் கணக்கில்லை. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அந்த ஓட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்குத் தெரியவந்தது. இடையிடையே வாயில் போட்டுக்கொள்ள எனக்கு மட்டும் அனுமதி. முகம் கோணினால் ஆயா உடனே, "கசக்குதா? துப்புடா கண்ணு, துப்பு" என்று கையை நீட்டும்.

ஆயா துப்பச் சொன்னதில் காரணம் இருந்தது. ஈரம் பட்ட மல்லாட்டையில் ஒரு மஞ்சள்பச்சைப் பூஞ்சை பிடிக்கும், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அதன் விஷம் அஃப்ளாடாக்சின், ஈரலைக் கெடுப்பது. பெயரைப் பிரித்தால் ஆஸ்பர்ஜில்லஸின் 'அ', ஃபிளேவஸின் 'ஃப்ளா', பிறகு டாக்சின். ஃபிளேவஸ் என்றால் மஞ்சள். சரி, ஆஸ்பர்ஜில்லஸ்? 1729-இல் மிக்கேலி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் அந்தப் பூஞ்சையினத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். காம்பும் அதன் நுனியில் உருண்டைத் தலையுமாக, மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிக்கும் கருவிபோலத் தெரிந்தது. அந்தக் கருவியின் பெயரையே வைத்துவிட்டார். தண்ணீர் தெளித்தால் வரும் பூஞ்சைக்குத் தண்ணீர் தெளிப்பான் என்று பெயர்! மிக்கேலிக்கு எங்கள் ஆயாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த விஷம் பிடிபட்டது 1960-இல். இங்கிலாந்துப் பண்ணைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம் புரியாத டாக்டர்கள் அதற்கு 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்றே ஒப்புக்கொண்ட அந்தப் பெயர்மேல் எனக்குத் தனி மரியாதை. கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை.

செத்த கோழிக்கும் பெயர்த் தகராறு உண்டு. ஆங்கிலேயருக்கு அது துருக்கி. துருக்கியரைக் கேட்டால் 'ஹிந்தி' என்று நம் பக்கம் கை காட்டுவார்கள். டச்சுக்காரர்கள் இன்னும் துல்லியமாக, கள்ளிக்கோட்டைக் கோழி என்று பொருள்படும்படி 'கல்கூன்' என்பார்கள். பறவை பிறந்ததோ அமெரிக்காவில். அந்த விவகாரத்தில் தன் பூர்வீகக் கண்டத்திலிருந்தே நேராக வந்து சேர்ந்தது புண்ணாக்கு ஒன்றுதான்: பிரேசிலில் ஏற்றிய சரக்கு.